ஓரடி குறைத்த அறை

இத்தனை வருஷம் நான் வாய் மூடி இருந்தது போதும். உன் கல்யாணத்துக்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளாத இந்த ஒன்றே முக்கால் வருஷத்தைச் சொல்லவில்லை. அது சில்லறைக் கோபம், அதைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன். நான் சொல்வது முப்பத்து மூன்று வருஷ மௌனத்தை. நீ பிறப்பதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது. உன் அப்பாரு, அதாவது என் அப்பா, இறந்தபோதும் அது கலையவில்லை, உன் அம்மா இறந்தபோதும் கலையவில்லை. இப்போது கலைத்தாக வேண்டும். வருகிற தை மாதம் உன் மனைவி பிள்ளை பெற்று, அந்தப் பச்சைக் குழந்தையோடு நம் அவுட்ஹவுஸில் படுக்கப் போகிறாள். அவளுக்குத் தாய் இல்லாததால் பேறுகாலத்தை நம் ஊரிலேயே வைத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அதே அறையில் பிள்ளை பெற்ற ஒரு பெண் முன்பு ஒரு தடவை படுத்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்கவில்லை என்பது இன்று உயிரோடு இருப்பவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி நீ இணையத்தில் எழுதியதை என் மாடி வீட்டுக்காரர் காட்டித்தான் படித்தேன். நல்ல படங்கள். மங்களூர் ஓடு, பனங்கை உத்தரம், காரை பெயர்ந்த செங்கல், எல்லாவற்றையும் சாயங்கால வெயிலில் அழகாக எடுத்திருக்கிறாய். டவுன்ஹாலுக்குப் பின்னால் அடுக்குமாடிகளின் நடுவே ஒளிந்திருக்கும் எங்கள் முன்னோரின் குதிரைவண்டிக் கொட்டகை என்று எழுதியிருந்தாய். ஏகப்பட்ட பேர் இதயம் போட்டிருந்தார்கள். தம்பி, அந்தக் கதவின் அகலம் மூன்றடி. நானே அளந்தது. மூன்றடிக் கதவுக்குள் குதிரை வேண்டுமானால் வெட்கப்பட்டுக்கொண்டு நுழையும், வண்டி எப்படி நுழையும்? இந்தக் குதிரையை உன்னிடம் ஓட்டிக்கொண்டு வந்தது உன் பெரியப்பாவாகத்தான் இருக்கும். பெரிய வீட்டைத் தன் பங்காக வாங்கி, இடித்து, அடுக்குமாடி கட்ட விட்ட மனிதரிடம் போய்ப் பழைய கட்டடத்தின் வரலாறு கேட்டிருக்கிறாய். சிவில் இஞ்சினியரிங் படித்து, அதையே முப்பது வருஷம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த அப்பன் வடவள்ளியில் வாடகை வீட்டில் இருக்கிறான். அவனிடம் கேட்க உனக்குத் தோன்றவில்லை.

என் மனத்தாங்கல்கள் உனக்குப் புதிதில்லை. உன் அப்பாரு உயில் எழுதும்போது பெரிய வீட்டை மூத்தவனுக்குக் கொடுத்தார், அவுட்ஹவுஸை என்னைத் தாண்டி உனக்குக் கொடுத்தார். எனக்கு எழுதியது அவருடைய கைக்கடிகாரம், அதுவும் ஓடாதது. உன் கல்யாணத்தில் தாய் தகப்பன் உட்கார வேண்டிய இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்ந்தார்கள். பெண்டாட்டி செத்தவன் சீர் செய்யக் கூடாதாம். நான் மூன்றாம் வரிசையில், வாடகை மின்விசிறிக்குப் பின்னால் உட்கார்ந்து, உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டேன். நீ அதற்காக என் எண்ணை உன் போனில் அடைத்துவைத்தாய். இதையெல்லாம் நான் மறக்கவில்லை, மறப்பேன் என்று இந்தக் கடிதத்தில் வாக்குக் கொடுக்கவும் போவதில்லை. ஆனால் அந்த உயிலைப் பற்றி மட்டும் ஒரு சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அந்த அறையை எனக்குக் கொடுத்தால் நான் உள்ளே போய்ச் சுவரை இடித்துவிடுவேன் என்று அவர் பயந்திருக்க வேண்டும். உனக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் உனக்கு எழுதினார்.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். காரமடைப் பக்கத்திலிருந்து பஞ்சு வியாபாரத்துக்காகக் கோயமுத்தூருக்கு வந்தவர் என் தாத்தாவின் அப்பா. ஊரில் பிளேக் வந்த காலத்தில், வீட்டுக்குள் ஓர் எலி செத்து விழுந்தால் போதும், குடும்பம் முழுக்கச் சட்டி பானையோடு ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டு போய்விடும். கிடங்கு நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு அவரால் போக முடியவில்லை. அதனால் வீட்டைத் தள்ளிப் பின்கோடியில் ஓர் அறை கட்டினார். நெறி கட்டியவர்களை அதில் விட்டுவிட்டு மற்றவர்கள் முன்வீட்டில் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. நீ மறுபடி அங்கே போகும்போது பார். கதவுக்கு உள்பக்கம் தாழ் கிடையாது, வெளியேதான் இருக்கிறது. தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்து, சுவரடியில் ஒரு தூம்பில் முடிகிறது. உள்ளே யாரும் போகாமலே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கு அந்த ஏற்பாடு. கிழக்கே கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஜன்னல். அதன் அடிப்பலகை வெளிப்பக்கம் ஒரு சாண் நீண்டிருக்கும். நீ அதன்மேல் பூந்தொட்டி வைத்துப் படம் எடுத்திருந்தாய். அது சோற்றுத் தட்டு வைத்துவிட்டு ஓடுவதற்காக வைத்த பலகை. உள்ளே போனவர்களில் எத்தனை பேர் நடந்து வெளியே வந்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

ஆனால் அதைக் கட்டிய கொத்தனார், பெயர் தெரியாத அந்த மனிதர், கெட்டிக்காரர். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நம் ஊருக்குக் காற்று எந்தத் திசையில் வருகிறது என்று தெரிந்து வேலை செய்திருக்கிறார். மேற்குச் சுவரில் கீழே ஆறு, மேலே ஆறு, மொத்தம் பன்னிரண்டு துளைகள் விட்டார். ஒவ்வொன்றும் நாலு விரல் அகலம், இரண்டடி உயரம். ஒன்றரை அடிச் சுவரில் அவற்றைச் சாய்வாக அறுத்திருக்கிறார். காற்று வரும், மழை வராது, வெளியே நிற்பவன் கண்ணுக்கு உள்ளே கிடப்பவன் தெரியமாட்டான். குளிர்ந்த காற்று கீழே நுழையும், கெட்ட காற்று மேலே வெளியேறும். நான் நாலு வருஷம் படித்ததை அவர் ஒரு சுவரில் செய்துவைத்திருந்தார். சாகப்போகிறவர்களுக்காகக் கட்டிய அறையில் மூச்சுக்கு அப்படி ஒரு மரியாதை. பிளேக் போன பிறகு அதில் பஞ்சு மூட்டை கிடந்தது, பிறகு உடைந்த கட்டில் கிடந்தது. எத்தனை வருஷமானாலும் அந்த அறையில் ஒட்டடை தவிர வேறு நாற்றம் வந்ததில்லை.

உனக்கு ஓர் அத்தை இருந்தாள். எனக்கு மூன்று வயது இளையவள். சட்டம் போட்ட படத்தில்தான் நீ அவளைப் பார்த்திருக்கிறாய். உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்புக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்தாள். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடந்தது, பெண் குழந்தை, ஒரு குறையும் இல்லை. ஆனால் தீட்டு கழியும்வரை முன்வீட்டில் இருக்கக் கூடாது என்று உன் அப்பாரு சொல்லிவிட்டார். எங்கள் அம்மா அப்போதே இல்லை. அவுட்ஹவுஸைத் தயார் செய்வதற்காகப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் மனையடி பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் கயிற்றைப் பிடித்து உள்ளே அளந்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"உள்ளளவு பதினெட்டு இருக்குதுங்க. பதினெட்டுல புள்ள பெத்தவளப் படுக்க வெச்சா ஊடு தாங்காதுங்க. பதினேழு பண்ணிப்போடுங்க, ராசா மாதிரி இருக்கும்."

உன் அப்பாரு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டா, இஞ்சினியருக்குப் படிக்கவெச்சனே, ஓரடி கொறைக்கறதுக்கு வழி தெரியாதா?"

அதுவரை அவர் என்னை எதற்கும் யோசனை கேட்டதில்லை. மோட்டார் பட்டறையை மூத்தவனிடம் கொடுத்தார். என்னைப் படிக்கவைத்தது பட்டறைக்கு லாயக்கில்லை என்பதால்தான். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமாகியிருந்தது. அவர் கேட்ட மாத்திரத்தில் காகிதத்தை எடுத்து வரைந்து காட்டினேன். மேற்குச் சுவருக்கு முன்னால் அரைச்செங்கல் கனத்தில் இன்னொரு சுவர். இரண்டுக்கும் நடுவே முக்கால் சாண் இடைவெளி, சுவரும் சேர்ந்து ஓரடி. பழைய சுவரை இடிக்க வேண்டாம், செலவும் இல்லை. படம் நேர்த்தியாக இருந்தது. அதில் புதுச் சுவருக்கும் நாலு துளை போட்டிருந்தேன். அது உண்மை, தம்பி, போட்டிருந்தேன்.

"கீழ ரெண்டு, மேல ரெண்டு ஓட்டை உட்றலாமுங்கப்பா. காத்து வேணுமல்ல" என்றேன்.

மனையடிக்காரர் சிரித்தார். "ஓட்டை உட்டீங்கன்னா உள்ளளவு பழைய செவுரு வரைக்கும் போயிருமுங்களே. அப்புறம் பதினெட்டுத்தானுங்க. என்னத்துக்குக் கட்டறீங்க?"

"பச்ச ஒடம்புக்காரிக்குக் காத்தே ஆகாது. அடைச்சுரு" என்றார் உன் அப்பாரு.

நான் ரப்பரை எடுத்து நாலு துளைகளையும் அழித்தேன். சண்டை போடவில்லை. அளவு எண்ணில் இருக்கிறதா காற்றில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. முதன்முதலாக என் வேலையைப் பார்த்துத் தலையாட்டிய மனிதரிடம் எதிர்த்துப் பேச வரவில்லை. ஓட்டிலிருந்து பல்லி விழும், தூசி விழும் என்று மேலே பலகையடித்து மச்சும் போட்டோம். அதுவும் என் யோசனைதான். கடைசிச் செங்கலை வைத்துப் பூசி, சுண்ணாம்பு அடித்து, காய்ந்த அன்று உள்ளே விளக்கேற்றினார்கள். கதவையும் ஜன்னலையும் சாத்தினோம். விளக்கின் சுடர் அசையவில்லை. காகிதத்தில் வரைந்தது மாதிரி நின்றது. நாங்கள் ஆறு பேர் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம், சுடர் ஒரு நூல் கூடச் சாயவில்லை. உன் அப்பாரு கையெடுத்துக் கும்பிட்டார். "பாரு, ஊடு அடங்கிருச்சு" என்றார். எனக்கு அந்தச் சுடரின் அர்த்தம் தெரியும். ஒரு வகுப்பில் மாணவன் கேட்டால் பலகையில் எழுதியே காட்டியிருப்பேன். நானும் கும்பிட்டேன்.

பிரசவம் முடிந்து உன் அத்தையை அங்கே கொண்டுவந்தார்கள். அவளையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ள மாராத்தாள் வந்தாள். எங்கள் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக வேலை செய்த குடும்பம் அவளுடையது. அவளுக்கு என்னைவிட இருபது வயதாவது கூட இருக்கும். ஆனால் நாங்கள் அவளை வாடி, போடி என்போம், அவள் எங்களைச் சின்னவருங்க, பெரியவருங்க என்பாள். யாருக்கும் அது உறுத்தவில்லை. அவள் கட்டில் பக்கத்தில் இரும்புச் சட்டியில் கரிக் கங்கு வைத்து அறையைச் சூடாக வைத்திருப்பாள். ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்ததால் ஜன்னலும் சாத்தியே கிடந்தது. நான் போய் வாசலில் நின்றால் உன் அத்தை கிண்டல் செய்வாள். "ஏண்ணா, மாமியா ஊட்லதான் எனக்கு ஓரடி எடம் தரமாட்டாங்கன்னு பாத்தா, நீ இருந்ததுலயே ஓரடி புடுங்கிட்டியே." அவள் சிரிப்பாள். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். தலைவலி என்பாள். பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலி சகஜம் என்று எல்லோரும் சொன்னோம்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், மாராத்தாள் வாசற்படிக்குக் கீழே வந்து நின்றாள்.

"சின்னவருங்க, ஒரு நிமிசமுங்க. அந்த அறைக்குள்ள செத்த நேரம் நின்னா எனக்குக் கிறுகிறுன்னு வருதுங்க. அம்மணியும் காத்தால இருந்து தலவலின்னு சொல்லுது. மேக்கால பொந்து இருந்துச்சுங்கல்ல, அதை அடைச்சுப்போட்டீங்க. போக வழி இல்லீங்க."

"எது போக? பொகையே இல்லையே. வெறும் கங்குதானே இருக்குது."

"கங்குக்கும் மூச்சு இருக்குதுங்க சாமி."

அவள் சொன்னது சரி. கங்கின் மூச்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள்தான் சொன்னாள். நான் சொன்னது இது: "செரி, போ. ஞாயித்துக்கெழம பாக்கறேன்." ஒரு கடப்பாரையும் பத்து நிமிஷமும் போதும். ஆனால் சுவரில் ஓட்டை போட்டால் உன் அப்பாரு பார்ப்பார், ஏன் என்று கேட்பார், என் படம் தப்பு என்று ஆகும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை. அவர் அன்று ஒரு கல்யாணத்துக்குச் சத்தியமங்கலம் போவதாக இருந்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் குழந்தையைக் குளிப்பாட்ட மாராத்தாள் முன்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாரல் அடித்தது. "கங்கு நல்லா போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வா, அவ நடுங்கறா" என்று உன் அப்பாரு சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அந்தக் கதவு சும்மா சாத்தினால் நிற்காது, வெளியே தாழ் போட்டால்தான் நிற்கும். போட்டாள். மழையால் வெந்நீர் காயத் தாமதமாயிற்று. குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, குழந்தை தூங்கிப்போனதால் மடியிலேயே வைத்திருந்து, ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் போனாள். "அம்மணி, எந்திரிங்க, பாப்பாவுக்குப் பசி" என்று அவள் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. மூன்று தடவை கேட்டது. பிறகு குழந்தையோடு முற்றத்தில் வந்து நின்றாள். "சின்னவருங்க, அம்மணி எந்திரிக்க மாட்டேங்குதுங்க."

நான்தான் முதலில் உள்ளே போனேன். உன் அத்தை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிவப்பு. கல்யாணத்தன்று மஞ்சள் பூசியிருந்தபோதுகூட அவள் அத்தனை அழகாக இல்லை. கன்னமும் உதடும் மாதுளை முத்துப்போல இருந்தன. எழுந்து, "என்னண்ணா அப்படிப் பாக்கற" என்று கேட்டுவிடுவாள் போல இருந்தது. துக்கத்துக்கு வந்த பெண்கள், "மொகத்துல தேஜஸ் பாருங்க, அம்மனே வந்து கூட்டிட்டுப் போயிருக்கறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வந்து பார்த்த டாக்டர் மூச்சு நின்றுவிட்டது என்றதோடு சரி. கங்கின் மூச்சு ரத்தத்தில் கலந்தால் முகம் அப்படிச் சிவக்கும் என்று நான் பதினைந்து நாள் கழித்துக் கல்லூரி நூலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

முற்றத்தில் தெருவே கூடியிருந்தது. உன் பெரியப்பா மாராத்தாளைப் பார்த்துக் கத்தினார். "வெளிய தாழ்ப் போட்டுட்டு எங்கடி போன? உள்ள இருந்து எத்தனை தடவ தட்டுனாளோ!" உன் அப்பாரு தலையில் அடித்துக்கொண்டு, "எம் புள்ளயப் பூட்டி வெச்சுக் கொன்னுட்டாளே" என்றார். கங்கு போடச் சொன்னவர், கதவைச் சாத்தச் சொன்னவர் அவர்தான். குழந்தையை யாரோ மாராத்தாள் கையிலிருந்து பிடுங்கினார்கள். அவள் கூட்டத்தைத் தாண்டி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் சொல்லுவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். சொல்ல வேண்டியது ஒரே வரி. வியாழக்கிழமையே இவள் என்னிடம் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. இவ்வளவுதான் அந்த வரி. நான் குனிந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவள் என்னைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். அன்று சாயங்காலமே அவளும் அவள் மகளும் ஊரைவிட்டுப் போகவேண்டியதாயிற்று. உடுமலைக்காரர்கள் குழந்தையைக் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு அவர்கள் நம் வீட்டுப்படி மிதிக்கவில்லை. மனையடிக்காரர் வந்து மறுபடியும் அளந்து பார்த்துவிட்டு, அளவு சரியாகத்தான் இருக்கிறது, பிளேக்கில் போன பழைய ஆள்கள்தான் பிடித்துவிட்டார்கள் என்றார். வேலைக்காரி கொன்றாள், பேய் கொன்றது என்று இரண்டு காரணம் கிடைத்தது. மூன்றாவது ஒன்றை யாரும் தேடவில்லை.

அறையைப் பூட்டினோம். அடுத்த ஆடியில் அது மூச்சு விட ஆரம்பித்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டப்பகலில், சமையலறைப் பெண்கள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சை இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, விடுகிற சத்தம். எலுமிச்சம்பழம் கட்டினார்கள், கோழி அறுத்தார்கள், உன் பெரியம்மா முன்வீட்டின் பின்பக்க ஜன்னலை நிரந்தரமாக அடைத்தாள். பேய் என்று நம்பியவர்கள் பாக்கியசாலிகள், அவர்கள் சத்தம் நின்றதும் தூங்கிவிட்டார்கள். எனக்கு அது என்ன என்று தெரியும். வெளிச்சுவரின் பன்னிரண்டு துளைகளும் திறந்துதானே இருக்கின்றன? பாலக்காட்டுக் காற்று கீழ்த்துளைகளில் புகுந்து, இரண்டு சுவருக்கு நடுவே அலைந்து, மேல்துளைகளில் வெளியே போகிறது. உள்ளே வரத்தான் வழி இல்லை. அந்தக் கொத்தனாரின் காற்று வருஷாவருஷம் வந்து என் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ஒரு மத்தியானம் தனியாக உள்ளே போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். மூச்சு இழுக்கும்போது சுவர் லேசாக அதிர்ந்தது. எல்லா இடமும் ஜில்லென்று இருந்தது. கட்டில் தலைமாட்டு உயரத்தில் ஒரு கையகலம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த இடத்தில் இன்றுவரை சுண்ணாம்பு பிடிப்பதில்லை. எத்தனையோ யோசித்துவிட்டேன். அந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், உன் அம்மாவிடம் கல்லூரி வேலை என்று பொய் சொல்லிவிட்டு, சத்தியமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். மாராத்தாள் அந்தப் பக்கம் இருப்பதாகத் தெரியும். விசாரித்து விசாரித்து ஒரு தையல் கடையில் போய் நின்றேன். அவள் மகள் மெஷினை நிறுத்தாமலே, "ஏனுங்க, யாரப் பாக்கோணும்?" என்றாள். மாராத்தாள் செத்து மூன்று வருஷமாகியிருந்தது, படம் சுவரில் இருந்தது. பழைய ஊர்க்காரன் என்று மட்டும் சொன்னேன். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாள். கடைக்கு மூன்று ஜன்னல், மூன்றும் விரியத் திறந்திருந்தன. மழைச்சாரல் துணிமேல் அடித்தது. "சாத்தலாமுங்களே" என்றேன். "எங்கம்மா பழக்கமுங்க. மழையோ குளிரோ, ஜன்னலச் சாத்த உடமாட்டாங்க. கரி அடுப்பு பத்தவெச்சா பச்சத்தண்ணி கூடக் குடிக்காம வெளிய போயி உக்காந்துக்குவாங்க. ஏன்னு கேட்டா சொல்லமாட்டாங்க" என்றாள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "உங்க பேரு சொல்லலீங்களே?" என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

போன ஆடியில், நீ வேலை தொடங்கியிருப்பது தெரிந்து, அவுட்ஹவுஸுக்குப் போனேன். மேஸ்திரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சார். இந்தச் செவுத்துக்குள்ள ஆள் இருக்கறாப்புல மூச்சு உடுதுங்க. ஒருத்தனும் தனியா நின்னு வேலை செய்ய மாட்டேங்கறான்" என்றார். பிறகு சொன்னார், ஏசி போடப் போவதால் வெளியே இருக்கிற பொந்துகளைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லியிருக்கிறாயாம். மேற்குக் கோடியைத் தடுத்து பாத்ரூம், உள்ளேயே கேஸ் கீசர். "குழந்தைக்கு வெந்நி வேணுமல்லங்க." நான் இரண்டும் கூடாது, வேலையை நிறுத்து என்றேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஓனர் சொன்னாத்தானுங்க நிறுத்த முடியும்." அன்றிலிருந்து நாலு தடவை இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்தேன். நாலிலும் பாதிக் கடிதம் உயிலைப் பற்றியே இருந்தது.

இப்போது நீ செய்ய வேண்டியது. உள்பக்கத்து மேற்குச் சுவரை இடி. அரைச்செங்கல்தான், ஒரு நாள் வேலை. வெளியே உள்ள பன்னிரண்டு துளைகளில் ஒன்றைக்கூட அடைக்காதே, அடைத்திருந்தால் உடைத்துத் திற. ஏசி வேண்டுமென்றால் வேறு வீடு பார். கேஸ் கீசரும் கங்கு மாதிரிதான், அதைச் சுவருக்கு வெளியே மாட்டு, அல்லது விறகடுப்பில் தண்ணீர் காயவை, யாரும் செத்துவிடமாட்டார்கள். கதவுக்கு உள்ளே ஒரு தாழ் போடு. அறை பதினெட்டு அடியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். உன் மனைவி தலைவலி என்று சொன்னால் அன்றே, அந்த நிமிஷமே ஜன்னலைத் திற. வீட்டில் வேலை செய்ய வருகிறவள் ஏதாவது சொன்னால் அவள் படிப்பைப் பார்க்காதே, என்ன சொல்கிறாள் என்று கேள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரவே இல்லை.

இதை உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் மாராத்தாள்மீது பழி போட்டது தெருவே கேட்க, முற்றத்தில் நின்று. அதைத் திருப்பி எடுப்பதை மட்டும் காதோடு காதாகச் செய்ய முடியாது. அதனால் ஒரு நகல் பத்திரிகைக்குப் போகிறது. ஒன்று உன் மனைவிக்கு, ஒன்று உன் பெரியப்பாவுக்கு, ஒன்று சத்தியமங்கலத்துத் தையல் கடைக்கு. நாலு உறைகளையும் ஒட்டிவிட்டேன், உன்னுடையது மட்டும் பாக்கி. கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். என் பெயர் இருந்தால் படிக்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். பாவம், மனசைத் திறந்து எழுதிவிட்டார் என்று நாலு பேர் சொல்வார்கள், எனக்கு அது பிடித்துப்போகும். என் குணம் எனக்குத் தெரியும். உன் அத்தை பெயரையும் எழுதவில்லை, உன் பெயரையும் எழுதவில்லை. இந்தக் காகிதங்களில் ஒரே ஒருத்தியின் பெயர்தான் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். பதிவுத் தபால் என்றால் அனுப்புநர் பெயர் கேட்பார்கள், அதனால் சாதாரணத் தபால்தலை ஒட்டியிருக்கிறேன். மழை வரும்போல் இருக்கிறது. அதற்குள் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன், கையெழுத்து இல்லாமல்.